பி.டி.கே. இல்லாத சிறுவனும் பி.டி.கே.யைத் தடுக்கும் மாத்திரையும்

சென்ற சனிக்கிழமை மும்பை மாட்டுங்காவில் எங்கள் வாசிப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபிக்கு எழுந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி, நின்றபடியே பதில் சொல்லி முடிக்கக் கூடியதாக இல்லை. எம்.எஸ்சி. ஆய்வுப் பணிக்காக நீங்கள் சென்றுவரும் பரேல் மருத்துவமனையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்தீர்கள். பி.டி.கே. என்ற ஒரே ஒரு என்சைம் வேலை செய்யாததால் அவன் ரத்தத்தில் பி செல்களே, அதாவது கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணுக்களே, இல்லை என்றார்கள். முலுண்டில் இருக்கும் உங்கள் பெரியப்பாவோ, சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காக, அதே பி.டி.கே.யைத் தடுக்கும் மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக எடுத்துக்கொண்டு நன்றாக நடமாடி வருகிறார். என்சைம் பிறவியிலேயே இல்லாமல் போவதும், இருக்கும் என்சைமை மருந்தால் முடக்குவதும் ஒன்றுதானே, பிறகு ஏன் விளைவு இரண்டாகிறது என்று கேட்டீர்கள். கூடவே, சமிக்ஞை என்சைம்கள் பி செல்லின் வளர்ச்சியை வழிநடத்துகின்றன என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறதே, வழிநடத்துதல் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்றும் கேட்டீர்கள். இரண்டாவது கேள்வி தெளிந்தால்தான் முதலாவதற்கு விடை கிடைக்கும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

வழிநடத்துதல் என்ற சொல்லை நான் வகுப்பில் தவிர்த்துவிடுவேன். அந்தச் சொல்லைக் கேட்டதும், என்சைம் முன்னே போகிறது, செல் பின்னே வருகிறது என்ற படம் மனத்தில் பதிந்துவிடுகிறது. நடப்பது வேறு. செல் தன் மரபணுவை வெட்டி ஒட்டி ஒரு புரதத்தைச் செய்து பார்க்கிறது. அந்தப் புரதம் உருப்படியாக வந்திருக்கிறதா என்ற செய்தியைப் புறச்சவ்விலிருந்து உட்கருவுக்குக் கொண்டுசேர்ப்பதே இந்த என்சைம்களின் வேலை. செய்தி வரவில்லை என்றால் செல் மடிகிறது. அளவு மீறி வந்தாலும் பெரும்பாலும் மடிகிறது. பதமாக வந்தால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று தெரியும். ஒரு கணம் முன்னால் இறக்கினாலும் பின்னால் இறக்கினாலும் மாவு வீண். பி செல்லின் வாழ்க்கை முழுவதிலும் இந்தப் பதம் ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்கப்படுகிறது.

அந்த வெட்டி ஒட்டும் வேலையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் என்பது கனச் சங்கிலி, இலகு சங்கிலி என்ற இரு வகைப் புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. ஒரு பி செல் அதன் கனச் சங்கிலியைச் செய்ய வேண்டுமானால், 14ஆம் குரோமோசோமில் சிதறிக் கிடக்கும் வி, டி, ஜே என்ற மூன்று வகைத் துண்டுகளிலிருந்து ஒவ்வொன்றைத் தேர்ந்து இணைக்க வேண்டும். எதிர்ப்பொருள் மரபணு பிறப்பிலேயே முழுமையாக இருப்பதில்லை, ஒவ்வொரு பி செல்லிலும் புதிதாகக் கோக்கப்படுகிறது என்பதை 1976இல் நிறுவியவர் சுசுமு டொனெகாவா என்ற ஜப்பானிய அறிவியலாளர். அதற்காக 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெட்டும் வேலையைச் செய்பவை ராக் 1, ராக் 2 என்ற இரு புரதங்கள். வெட்டப்பட்ட முனைகளை ஒட்டும்போது சில மரபெழுத்துகள் உதிர்கின்றன, சில புதிதாகச் சேர்கின்றன. மரபெழுத்துகள் மும்மூன்றாகவே வாசிக்கப்படுவதால், இந்தக் கூட்டல் கழித்தல் மூன்றின் மடங்காக அமையாவிட்டால் அதன்பின் வரும் வாசகம் முழுவதும் பிறழ்ந்துவிடும். ஆக, மூன்று முயற்சிகளில் இரண்டு வீண். தாயிடமிருந்து வந்த குரோமோசோமில் தோற்றால் தந்தையிடமிருந்து வந்ததில் இன்னொரு முயற்சி உண்டு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெற்றி வாய்ப்பு ஒன்பதில் ஐந்து. மீதி நான்கு பங்குச் செல்கள் கனச் சங்கிலியே இல்லாமல் நிற்கும். பரிணாமம் இத்தனை வீணடிப்பை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில், எண்ணற்ற வடிவங்களை முன்னதாகவே செய்துவைக்க வேறு வழி இல்லை என்பதுதான்.

இப்போது செல்லின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். வெட்டியாயிற்று, ஒட்டியாயிற்று. சரியாக வந்ததா என்பதை உட்கரு எப்படி அறியும்? மரபணுவைப் பார்த்து அறிய முடியாது. புரதமாகி மடிந்து வெளிச்சவ்வில் போய் நின்றால்தான் தெரியும். கனச் சங்கிலி தனியாக நிற்க இயலாது, அதற்கு இலகு சங்கிலி துணை வேண்டும். ஆனால் இலகு சங்கிலியின் மரபணு இன்னும் கோக்கப்படவே இல்லை. எனவே இந்தச் சோதனைக்கென்றே வி-பிரீ-பி, லாம்டா 5 என்ற இரு புரதங்கள் சேர்ந்த ஒரு பதிலிச் சங்கிலியைச் செல் தயாராக வைத்திருக்கிறது. புதிய கனச் சங்கிலி அதனுடன் பொருந்தினால், ஐஜி ஆல்ஃபா, ஐஜி பீட்டா என்ற இரு துணைப் புரதங்களோடு சவ்வில் போய் நிற்கும். இதுதான் முன்-பி ஏற்பி; ஏற்பி என்றால் சவ்வில் நின்று உள்ளே செய்தி அனுப்பும் புரதம். இதை வெளியிலிருந்து எந்தக் கிருமியும் தொட வேண்டியதில்லை. இந்த ஏற்பிகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதே செய்தி தொடங்கப் போதுமானதாக இருக்கிறது.

இங்கேதான் உங்கள் என்சைம்கள் வருகின்றன. ஐஜி ஆல்ஃபா, ஐஜி பீட்டா ஆகியவற்றின் வால் செல்லுக்குள் நீண்டிருக்கும். அதில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்திருக்கும். இந்த அமைப்பு பல ஏற்பிகளுக்குப் பொது என்பதை 1989இல் மைக்கேல் ரெத் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். பாஸ்பேட் ஏற்றும் என்சைம்களுக்குக் கைனேஸ் என்று பெயர். லின் போன்ற கைனேஸ்கள், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து அந்த இரண்டு டைரோசின்களிலும் பொருத்துகின்றன. பாஸ்பேட் ஏறியதும் அவை கொக்கிபோல் ஆகிவிடுகின்றன. சிக் என்ற அடுத்த கைனேஸுக்கு அந்தக் கொக்கிகளில் மாட்டிக்கொள்ளத் தோதாக இரண்டு பிடிகள் இருக்கின்றன. இரண்டு பிடியும் ஒருசேர மாட்டினால்தான் சிக் விழித்துக்கொள்ளும். ஒரு டைரோசினில் மட்டும் தற்செயலாகப் பாஸ்பேட் ஏறினால் செய்தி போகாது என்பதால், பொய்ச் செய்திக்கு எதிரான முதல் காவல் இந்த அமைப்பிலேயே அடங்கிவிடுகிறது.

விழித்த சிக், பிளிங்க் என்ற புரதத்தில் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. பிளிங்க் என்சைம் அல்ல. அது ஒரு தாங்குபலகை. பி.டி.கே.யும், அது செயற்பட வேண்டிய பி.எல்.சி. காமா 2 என்ற மற்றொரு என்சைமும் அந்தப் பலகையில் அருகருகே வந்து அமர்கின்றன. ஆனால் பி.டி.கே. செல்லின் சாறில் மிதக்கும் புரதம். சவ்வின் ஓரத்துக்கு அது வர வேண்டுமே. அதற்கான வழியைப் பி.ஐ. 3 கைனேஸ் அமைக்கிறது. சவ்வில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறின் மேல் கூடுதலாக ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, பிப்-3 என்ற வடிவமாக மாற்றுகிறது. பி.டி.கே.யின் தலைப்பகுதி அந்தப் பிப்-3ஐப் பிடித்துக்கொண்டு சவ்வோரம் வந்து சேர்கிறது. அங்கே சிக்கோ லின்னோ அதைத் தூண்ட, அது பி.எல்.சி. காமா 2ஐத் தூண்ட, கால்சியம் பெருகுகிறது, பிறகு உட்கருவில் எந்த மரபணுக்கள் வாசிக்கப்பட வேண்டும் என்பது மாறுகிறது. எக்ஸிட் எனப்படும் எலி வகையில் பி.டி.கே.யின் 28ஆம் இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. கைனேஸ் பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லை. பிப்-3ஐப் பிடிக்கும் பிடி மட்டும் போய்விட்டது. அதுவே அந்த எலியின் பி செல்களைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. என்சைம் வேலை தெரிந்ததாக இருப்பது மட்டும் போதாது, நேரத்துக்கு இடத்துக்கு வந்துசேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை நான் சொன்னது தொடர் ஓட்டம்போல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் செய்தி மாறும் கதை. பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்குக் குறை. ஏனெனில் முன்-பி ஏற்பியின் செய்தி உட்கருவுக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆணைகள் இருக்கின்றன. பெருகு என்பது ஒன்று. பெருகுவதை நிறுத்திவிட்டு இலகு சங்கிலியைக் கோக்கத் தொடங்கு என்பது மற்றொன்று.

பெருக வேண்டியதன் காரணம் எளிது. சரியான கனச் சங்கிலியைச் செய்துமுடித்த செல் அரிய செல். அது சில முறை பிரிந்து பல மகள் செல்களானால், அதே கனச் சங்கிலியோடு ஒவ்வொன்றும் வெவ்வேறு இலகு சங்கிலியை முயன்று பார்க்கலாம். ஒரு வெற்றியிலிருந்து பல வாய்ப்புகள் பிறக்கின்றன. ஆனால் பிரியும் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ராக் கத்தியும் வேலை செய்தால், வெட்டுண்ட முனை தவறான குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்ளலாம்; ரத்தப் புற்றுநோய்கள் சில அப்படித்தான் பிறக்கின்றன. ஆகவே பெருக்கமும் வெட்டும் ஒரே நேரத்தில் நடக்கவே கூடாது. செல் படியெடுக்கும் கட்டத்துக்குள் நுழையும்போது ராக் 2 புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஏற்றப்பட்டு அது அழிக்கப்படுகிறது என்பது இதற்கான ஓர் ஏற்பாடு. அங்கேயும் பாஸ்பேட் ஏற்றுவது ஒரு கைனேஸ்தான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஆழமான ஏற்பாடு சமிக்ஞைப் பாதைகளுக்கு இடையிலேயே இருக்கிறது. பி.ஐ. 3 கைனேஸ் வலுவாக வேலை செய்யும்போது ஏ.கே.டி. என்ற கைனேஸ் விழிக்கிறது; அது ஃபாக்ஸோ 1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதை உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது. ராக் மரபணுக்களைத் திறந்துவிடுவது இந்த ஃபாக்ஸோ 1தான். அது வெளியே இருக்கும்வரை செல் பெருகும், வெட்டாது. பிளிங்க்கும் பி.டி.கே.யும் வலுப்பெறும்போது ஏ.கே.டி.யின் வேகம் தணிகிறது, ஃபாக்ஸோ 1 உட்கருவுக்குத் திரும்புகிறது, பெருக்கம் நிற்கிறது, இலகு சங்கிலியின் மரபணு திறக்கப்பட்டு வெட்டு தொடங்குகிறது. இரண்டு கிளைகளுக்கும் தலைவாசல் சிக் ஒன்றே என்பதுதான் வியப்பு. முதலில் ஒரு கிளை, சற்றுப் பின்னர் மற்றொரு கிளை என்று ஒரே கைனேஸிடமிருந்து நேர வரிசையில் இரண்டு ஆணைகள் பிறக்கின்றன. பி செல்கள் பிறந்து வளரும் எலும்பு மஜ்ஜையில், எலியைப் பொறுத்தவரை, இன்டர்லூக்கின் 7 என்ற வெளிச் செய்தியும், ஜாக் எனப்படும் கைனேஸ்கள் வழியாகவும் ஸ்டாட் 5 என்ற புரதம் வழியாகவும், பெருக்கத்தின் பக்கமே சாய்கிறது. செல் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் அந்தத் தூண்டல் குறைகிறது. மனிதரில் இது அப்படியே பொருந்தாது. ஜாக் 3 பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு டி செல்கள் என்ற மற்றொரு வகை வெள்ளணு இராது, ஆனால் பி செல்கள் எண்ணிக்கையில் இருக்கும். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே எழுதிவிடும் பழக்கம் ஆய்வேடுகளில் நிறைய இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

பிளிங்க் இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது இந்த இரண்டு ஆணைகளின் பிரிவு கண்ணுக்கே தெரிந்தது. அவற்றில் சில எலிகளுக்கு முன்-பி செல் ரத்தப் புற்றுநோய் வந்தது. நிறுத்து என்ற ஆணை தொலைந்துபோய், பெருகு என்ற ஆணை மட்டும் மிஞ்சியதன் விளைவு அது. வளர்ச்சிக்கு உதவும் ஒரு புரதம் இல்லாமல் போனால் வளர்ச்சி குறைய வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே வளர்ச்சி என்பதே பெருகுவதும் நிற்பதும் சேர்ந்தது என்பதால் அந்த எதிர்பார்ப்பு பொய்க்கிறது.

இனி அந்தச் சிறுவனிடம் வருவோம். 1952இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நிமோகாக்கஸ் கிருமியின் தொற்று மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, அவன் ரத்தப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தார். எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்ற பகுதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறரிடமிருந்து எடுத்த காமா குளோபுலினை ஊசி வழியாகக் கொடுத்ததும் தொற்றுகள் அடங்கின. நோய்க்கான பெயரும் மருந்தும் ஒரே கட்டுரையில் வந்த அரிய நிகழ்வு அது. பி செல் என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை. கோழியின் குடல் முனையில் உள்ள ஃபாப்ரிசியஸ் பை (பர்சா) என்ற உறுப்பை அகற்றினால் எதிர்ப்பொருள் உண்டாவதில்லை என்ற, புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளரின் கண்டுபிடிப்பு 1956இல்தான் வெளிவந்தது. பி என்ற எழுத்தே அந்தப் பையின் பெயரிலிருந்து வந்தது. புரூட்டன் கண்ட நோய்க்குக் காரணமான மரபணுவை 1993இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்று பெயர் வந்தது. பி.டி.கே. என்பது அதன் சுருக்கம்.

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆகவேதான் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. அவர்களுடைய மஜ்ஜையில் கனச் சங்கிலியைக் கோக்கும் கட்டம்வரை செல்கள் வருகின்றன. முன்-பி ஏற்பி சவ்வில் ஏறி, செய்தி உள்ளே போக வேண்டிய இடத்தில் அணி நின்றுவிடுகிறது. முதல் சில மாதங்கள் குழந்தை நன்றாகவே இருக்கும், ஏனெனில் நஞ்சுக்கொடி வழியாக வந்த தாயின் எதிர்ப்பொருள் காத்துநிற்கிறது. அரையாண்டு வாக்கில் அது தீரத் தொடங்கியதும் காதும் நெஞ்சும் சளியும் சீழுமாகத் தொல்லை தொடங்கும். தொண்டையில் டான்சில் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருப்பது மருத்துவர்களுக்கு ஒரு துப்பு, ஏனெனில் டான்சிலின் பெரும்பகுதி பி செல்களால் ஆனது. பிளிங்க் மரபணு கெட்ட ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை 1999இல் வந்தபோது, நோயின் முகம் ஏறத்தாழ இதேதான் என்று தெரிந்தது. கனச் சங்கிலி, லாம்டா 5, ஐஜி ஆல்ஃபா, ஐஜி பீட்டா ஆகியவற்றில் எது கெட்டாலும் அதே இடத்தில்தான் செல் நிற்கிறது. அவை எக்ஸ் குரோமோசோமில் இல்லாததால் பெண் குழந்தைகளுக்கும் வருகின்றன. ஒரே பாதையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்று என்பதால், நோயாளிகளே இந்தப் பாதையின் வரைபடத்தை நமக்கு வரைந்து கொடுத்திருக்கிறார்கள்.

எக்ஸிட் எலிகளில் பி செல்கள் குறைந்தாலும் அடியோடு இல்லாமல் போவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். எலியில் டெக் என்ற உறவுக்கார கைனேஸ் பி.டி.கே.யின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது. இரண்டையும் சேர்த்து நீக்கினால் எலியும் மனிதக் குழந்தையை நெருங்கிய நிலைக்கு வந்துவிடுகிறது.

முன்-பி கட்டம் தாண்டியதும் பதத்தின் மறுபக்கம் தொடங்குகிறது. இலகு சங்கிலியும் சரியாக அமைந்து முழு ஏற்பி சவ்வில் ஏறியதும், செல் இப்போது வெளியுலகைத் தொட்டு உணர முடியும். ஆனால் அது மஜ்ஜைக்குள் இருப்பதால் அங்கே அது தொடக்கூடியது நம் உடலின் சொந்தப் பொருள்களையே. 2003இல் வந்த ஓர் ஆய்வில், மனித மஜ்ஜையில் புதிதாக ஏற்பி பெற்ற பி செல்களில் 55 முதல் 75 விழுக்காடு வரை சொந்த உடலின் ஏதோ ஒரு பொருளைப் பிடிக்கக் கூடியவை என்று தெரியவந்தது. துண்டுகளைக் குருட்டாம்போக்கில் இணைத்தால் இதுதான் நடக்கும். இத்தகைய செல்லின் ஏற்பியிலிருந்து அதே லின், அதே சிக், அதே பி.டி.கே. வழியாகப் பலமான செய்தி உள்ளே பாய்கிறது. சற்று முன்னர் உயிர் கொடுத்த செய்தி இப்போது எச்சரிக்கையாகிறது. செல் முதலில் ராக்கை மீண்டும் திறந்து வேறொரு இலகு சங்கிலியை முயல்கிறது. அதிலும் தப்ப முடியாவிட்டால் மடிகிறது, அல்லது செயலிழந்து ஒதுங்குகிறது. செய்தி அறவே இல்லாமல் போனாலும் மரணமே. முதிர்ந்த பி செல்லிலிருந்து ஏற்பியை நீக்கினால் அது மடிந்துவிடுகிறது என்று கிளாஸ் ராயெவ்ஸ்கி என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளரின் ஆய்வகம் 1997இல் காட்டியது. அப்படி ஏற்பி இழந்த செல்லில் பி.ஐ. 3 கைனேஸ் பாதையை மட்டும் தூண்டிவிட்டால் அது பிழைத்துக்கொள்கிறது என்பதை அதே ஆய்வகம் 2009இல் காட்டியது. எதையும் பிடிக்காத நேரத்திலும் ஏற்பியிலிருந்து மெல்லிய முனகலாக ஒரு செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும், அதன் பெயர் உயிர்.

பதத்தைக் காப்பவை பாஸ்பேட்டை அகற்றும் என்சைம்கள். பிப்-3இலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் பி-டென், ஷிப் ஆகிய இரண்டும், டைரோசினிலிருந்து கழற்றும் எஸ்.எச்.பி.-1உம் இவற்றுள் முக்கியமானவை. லின் கைனேஸ் செய்தியைத் தொடங்கிவைப்பது மட்டுமல்லாமல், சி.டி. 22 போன்ற தடுப்பு ஏற்பிகளிலும் பாஸ்பேட் ஏற்றி இந்தக் கழற்றும் என்சைம்களை அழைத்துவருகிறது. எனவே லின் இல்லாத எலிகளில் பி செல்கள் அடங்கிப் போவதற்குப் பதிலாக வெறிகொள்கின்றன. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வருகிறது. முன்-பி ரத்தப் புற்றுநோய்ச் செல்களிலிருந்து பி-டென்னை நீக்கிய சோதனை இன்னும் வியப்பூட்டியது. மற்ற பல புற்றுநோய்களில் பி-டென் போனால் கட்டி கொழுக்கும். இங்கே செல்கள் செத்தன. புற்றாக மாறிய பிறகும் அந்தச் செல்லுக்குள் பழைய காவல் உயிரோடு இருப்பதால், அளவு மீறிய செய்தியைத் தன்னுடல் மேல் பாயும் செல்லின் அடையாளமாகவே அது இன்னமும் வாசிக்கிறது.

இப்போது பெரியப்பாவின் மாத்திரை. இப்ரூட்டினிப் என்ற முதல் மருந்து 2013 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, அது பி.டி.கே.யின் 481ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. அகலாப்ரூட்டினிப், சானுப்ரூட்டினிப் ஆகியவை பின்னர் வந்தன. சி.எல்.எல். செல் முதிர்ந்த பி செல்லின் வழிவந்தது. அது நிணநீர் முடிச்சுகளில் தங்கி, ஏற்பியிலிருந்து ஓயாமல் வரும் செய்தியைத் தின்று வாழ்கிறது. அந்தச் செய்தியை வெட்டினால் முடிச்சை விட்டு ரத்தத்துக்கு வந்து மெல்ல மடிகிறது. மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் பெரியப்பாவின் லிம்போசைட் (பி செல்லும் அடங்கிய வெள்ளணு வகை) எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியதால் வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனதாகச் சொன்னீர்கள். முடிச்சுகளிலிருந்து செல்கள் வெளியே வந்ததன் அடையாளமே அது, மருத்துவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான்.

ஆனால் அவரிடம் எதிர்ப்பொருள் அடியோடு வற்றிவிடவில்லை. ஏன்? எழுபது ஆண்டுகளில் அவர் உடல் சந்தித்த கிருமிகளுக்கான எதிர்ப்பொருளைச் சுரப்பவை மஜ்ஜையில் நெடுங்காலம் தங்கும் பிளாஸ்மா செல்கள். அவை பி செல்லின் கடைசி நிலை. பிழைப்பதற்கு அவை ஏற்பியின் செய்தியையோ பி.டி.கே.யையோ நம்பியிருப்பதில்லை. அந்தச் சிறுவனிடமோ பிளாஸ்மா செல்லாக மாறுவதற்கு முன்னோடியே ஒன்றும் பிறக்கவில்லை. பெரியப்பாவுக்கு மாத்திரை தொடங்கும் முன்பே எல்லாச் சோதனைகளையும் கடந்த செல்கள் இருந்தன. சிறுவனுக்கு முதல் சோதனையே நடக்கவில்லை. இதுவே உங்கள் முதல் கேள்விக்கான விடை. ஓர் என்சைமின் வேலை என்ன என்பது அது எந்தக் கட்டத்தில் இல்லாமல் போகிறது என்பதைப் பொறுத்தது. இருந்தாலும் பெரியப்பா முழுப் பாதுகாப்போடு இருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் புதிதாகச் சந்திக்கும் கிருமிக்கான தடுப்பூசி சரியாகப் பலன் தருவதில்லை, ஏனெனில் புதிய எதிர்ப்பொருளைச் செய்ய முதிர்ந்த பி செல்லின் ஏற்பிச் செய்தி வேண்டும். எந்தத் தடுப்பூசியை எப்போது போடுவது என்பதை அவருடைய ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள்; மாத்திரையை இடையில் நிறுத்திப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

என்சைம் குறைந்தால் நோய் என்பதைப் போலவே மிகுந்தாலும் நோய்தான். பி.ஐ. 3 கைனேஸின் டெல்டா வடிவம் ஓயாமல் வேலை செய்யும் பிறவி மாற்றம் 2013இல் விவரிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளின் நிணநீர் முடிச்சுகள் வீங்கும், ஐஜிஎம் என்ற முதல்நிலை எதிர்ப்பொருள் பெருகும், ஆனாலும் நெஞ்சுச் சளித் தொற்று ஓயாது, ஏனெனில் செல்கள் இடைநிலையிலேயே குவிந்து, ஒழுங்கான ஐஜிஜி எதிர்ப்பொருள் செய்யும் நிலைக்கு முதிர்வதில்லை. அந்த என்சைமை அளவாகத் தணிக்கும் லெனியோலிசிப் என்ற மருந்துக்கு 2023 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கு ஒரு கைனேஸைத் தடுக்கும் மருந்தே சிகிச்சையாகிறது என்பதை, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சிறுவனுக்குப் பி.டி.கே.யையே ஊசியில் கொடுத்துவிடக் கூடாதா என்று நீங்கள் போகிறபோக்கில் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அது செல்லுக்குள் வேலை செய்யும் புரதம்; ரத்தத்தில் செலுத்தினால் செல்லுக்குள் நுழையாது. ஆகவே விளைபொருளான எதிர்ப்பொருளையே கொடுக்கிறார்கள், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாகவோ, இன்னும் அடிக்கடி தோலடியிலோ, வாழ்நாள் முழுவதும். உயிருள்ள கிருமியாலான வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து அவனுக்குக் கூடாது, அவனோடு ஒரே வீட்டில் வளரும் குழந்தைகளுக்கும் ஊசி வழித் தடுப்பூசியே நல்லது. எதிர்ப்பொருள் இல்லாத குடலில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்கிப் பெருகி வீரியம் பெற்றுவிடக் கூடும். போலியோ முகாம் நாளில் வாசலுக்கு வரும் ஊழியரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்கும்படி அந்தத் தாய்க்கு யாராவது அவருடைய மொழியில் விளக்க வேண்டும். அவர் தாராவியில் வாழும் திருநெல்வேலிக்காரர் என்று சொன்னீர்கள், நீங்களே விளக்கலாம்.

அந்தத் தாயின் ரத்தத்தையும் சோதிப்பார்கள். இத்தகைய பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியும் பணி, பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்திலேயே நடக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால், செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியின் முன் அமர்ந்து பாருங்கள். பி செல்லே இல்லாத சிறுவனிடம் பி.டி.கே.யை எங்கே தேடுவது? மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களிலும் அந்த என்சைம் உண்டு; அங்கே தேடுவார்கள். அவனுடைய மோனோசைட்டுகளில் அது இராது, ஆனாலும் அவை குறைவின்றிப் பிறந்து உலவும். தாயின் மோனோசைட்டுகளைப் பார்த்தால் பல வேளைகளில் திரையில் இரண்டு மேடுகள் எழும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஏதோ ஒன்று அணைக்கப்படுவதால், பாதிச் செல்களில் நல்ல மரபணுவும் பாதிச் செல்களில் கெட்ட மரபணுவும் பேசுகின்றன. அதே தாயின் பி செல்களைப் பாருங்கள், ஒரே ஒரு மேடுதான் இருக்கும். கெட்ட மரபணு பேசிய செல்கள் அத்தனையும் மஜ்ஜைக்குள்ளேயே, அந்த முதல் சோதனையிலேயே, நின்றுபோயிருக்கும்.